பதினெட்டுக் குழிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதும் சிலர் வானொலிப் பெட்டியை வேறு நிலையத்திற்குத் திருப்பிவிடக் கூடும். பொருள் கோல்ப் விளையாட்டு. "அது துரைமார் ஆட்டம். பால்மரம் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை தள்ளுபவர்களுக்கும் அதில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இருக்கிறது.

கோலாலம்பூரில் இவ்விளையாட்டு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சிலாங்கூர் கோல்ப் கிளப் 1893-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அன்று ஆடியவர்கள் துரைமார்கள். பையைத் தூக்கிப் பின்னால் நடந்தவர்களும், புல்லை வெட்டி நீர் பாய்ச்சியவர்களும் நம்மைப் போன்றவர்கள். பின்னர் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விலை போயின. நம் பெற்றோர் பெரட்டுக்குப் போன நிலங்கள் சிலவற்றில் இன்று வீடமைப்புத் திட்டங்களும், விளையாட்டரங்குகளும், கோல்ப் திடல்களும் இருக்கின்றன. 1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டந்தான்.

ஈய லம்பங்களின் கதையும் இதுவே. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி நொடித்தது. ஈயத்தின் விலை சரிந்தது. லம்பங்கள் மூடப்பட்டன. எஞ்சியவை ஆழமான குட்டைகளும் வெள்ளை மணல் மேடுகளுமே. சுங்கை பெசியில் இருந்த லம்பம் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்று. அந்த இடத்தில் எழுந்த 'மைன்ஸ்' திடலில்தான் 1999-ஆம் ஆண்டு உலகக் கிண்ண கோல்ப் போட்டி நடந்தது. டைகர் வூட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக ஆடி வென்றனர்.

இனி நமது கதைக்கு வருவோம். கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் நம்மைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். அவர் மகன் ஆறாண்டுகள் நம்மிடம் படித்தவன். அப்போது ஐந்தாம் படிவத்தில் இருந்தான். "சார், பையன் மூணு வாரமா இடைநிலைப்பள்ளிக்குப் போகல. பிரிக்பீல்ட்ஸ்ல மாமா வீட்டுல தங்கிக்கிட்டு கோல்ப் மைதானத்துல மூட்டை தூக்குறான். பரீட்சைக்கு நாலு மாசந்தான் இருக்கு. நீங்க சொன்னா கேட்பான்" என்று கண் கலங்கினார்.

கோல்ப் பை தூக்கும் உதவியாளரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். நம் மொழியிலோ அச்சொல்லுக்கு வேறு பொருள்! அந்தத் தாய் பாதி வெட்கப்பட்டது அதற்காகவே என்று நினைக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் நாம் அங்கே சென்றோம். பழைய லம்ப மணலின்மீது அமைந்த ஒரு திடல் அது. கண்டித்து அழைத்து வருவதே நம் எண்ணம். அவனோ, "சார், ஒரு ஆட்டம் முடியட்டும். விருந்தினர் சம்மதிச்சிட்டாரு. நீங்களும் கூட நடந்து வாங்க" என்றான். நடந்தோம். வகுப்பில் கழித்தல் கணக்குக்குப் பலமுறை நம்மிடம் திட்டு வாங்கிய அந்தப் பையன் அன்று நமக்குப் பாடம் நடத்தினான்.

முதலில் ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஒரு முழுத் திடலில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். பந்து குழியுள்ள புல்மேடைக்கு வந்தபின் உருட்டிவிட இரண்டு அடி என்று வைத்துக்கொள்வார்கள். மூன்றடிக் குழியென்றால் ஓர் அடியில் மேடையை அடைய வேண்டும். நான்கடிக் குழிக்கு இரண்டு, ஐந்தடிக் குழிக்கு மூன்று. பெரும்பாலும் மூன்றடிக் குழி நான்கு, ஐந்தடிக் குழி நான்கு, நான்கடிக் குழி பத்து இருக்கும். பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டு, இருபது, நாற்பது; ஆக எழுபத்திரண்டு. குறைந்த அடியில் முடிப்பவரே வென்றவர். பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஒரு சிறிய தேநீர்க் குவளையின் வாயளவு.

முதற்குழி அகலமானது. விருந்தினர் மிக நீளமான மட்டையை உருவினார். நம் மாணவன் பணிவாக வேறொன்றை எடுத்து நீட்டினான். "இரண்டு பக்கமும் மணல், சார். முதல் குழியில யாரும் ஜெயிக்கிறதில்ல. தோற்கிறவங்கதான் அதிகம்" என்று நம்மிடம் மெல்லச் சொன்னான். உடல் சூடேறுமுன் வீரம் காட்டக் கூடாது என்பது அவன் முதல் பாடம்.

அடுத்தது குறுகிய மூன்றடிக் குழி. மேடையின் ஓர் ஓரத்தில், மணற்பள்ளத்தை ஒட்டிக் கொடி நின்றது. கொடியைப் பார்த்து அடிக்காமல் மேடையின் நடுவைப் பார்த்து அடிக்கச் சொன்னான். நடுவில் விழுந்தால் சற்று விலகினாலும் மேடையிலேயே நிற்கும். கொடியைக் குறிவைத்துச் சற்று விலகினால் மணல்தான். காற்றைப் பார்க்க அவன் காலடிப் புல்லைக் கிள்ளி வீசினான். அதோடு நிற்காமல் தூரத்து மரங்களின் உச்சியையும் பார்த்தான். பந்து போவது மரத்தின் உயரத்தில் அல்லவா?

இன்னொரு குழி அரிவாளைப் போல் வளைந்து கிடந்தது. வளைவைச் சுற்றாமல் மணற்காட்டின் மேலே குறுக்காக அடித்தால் வழி மிச்சம். ஆனால் பந்து காணாமல் போனால், அடித்த அடியும் கணக்கு, தண்டம் ஓர் அடியும் கணக்கு, மீண்டும் பழைய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். குறுக்கு வழியில் மிச்சமாவது ஓர் அடி. தவறினால் போவது இரண்டு. "பத்துத் தடவையில எத்தனை தடவை தாண்டும்னு மனசுக்குள்ள கேட்டுக்கணும், சார்" என்றான்.

பின்னர் ஒரு பந்து மணற்பள்ளத்தில் சிக்கியது. லம்ப மணல் பொடியானது, நீர் நில்லாதது; பந்து பாதி புதைந்துவிடும். அடிக்குமுன் மட்டையால் மணலைத் தொட்டுப் பார்க்க விதி இடம் தராது. பந்தை நேராக அடிக்காமல், அதற்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலை அடித்தால், மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். விருந்தினர் கொடியை நோக்கி அடிக்க விரும்பினார். எதிரே கரை உயரமாக இருந்தது. நம் மாணவன் பக்கவாட்டில் தாழ்ந்த கரையைக் காட்டினான். "மணல்ல விழுந்தா முதல் வேலை வெளியே வர்றது. மத்ததெல்லாம் அப்புறம்."

மணலுக்கென்றே உள்ள மட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஒரு தச்சரின் மகன் ஜீன் சரசன். சிறுவயதில் பை தூக்கியவர். மட்டையின் அடிப்பாகத்தில் ஈயப்பற்று வைத்துக் கனமாக்கிப் பார்த்தார்; அது மணலில் புதையாமல் வழுக்கிச் சென்றது. 1932-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பொதுப் போட்டியை அந்த மட்டையைக் கொண்டே வென்றார். இந்தியாவிலும் அப்படிப் பட்டவர்கள் உண்டு. டில்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991-இல் இந்தியப் பொதுப் போட்டியை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் அதே போட்டியை வென்றார்.

நீண்ட ஐந்தடிக் குழிதான் நம்மைத் திகைக்க வைத்தது. தூரம் 480 மீட்டர். முதல் அடி 210 போயிற்று. மிச்சம் 270. மேடைக்கு 60 மீட்டர் முன்னே தொடங்கி 10 மீட்டர் முன்வரை பழைய ஈயக்குட்டை. விருந்தினர் முழு பலத்தோடு அடித்தால் 230 போவார். நம் மாணவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். "270-ல 230 போனா 40. சரியா தண்ணி நடுவுல, சார். 160 போதும். அப்புறம் 110 இருக்கும். அது அவருக்குச் சுலபமான அடி" என்றான். அந்த நோட்டில் பதினெட்டுக் குழிகளின் படமும், எந்த மரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கும், காலைக் காற்று, மாலைக் காற்று என்ற குறிப்பும் இருந்தன. எல்லாம் அவனே காலால் அளந்து எழுதியவை.

உண்மையான பாலைவனத்திலும் ஆட்டம் இதுதான். ஆஸ்திரேலியாவில் கூபர் பெடி என்னும் சுரங்க ஊரில் உள்ள திடலில் புல்லே இல்லை. ஆடுபவர்கள் ஒரு துண்டுச் செயற்கைப் புல்லைக் கையோடு எடுத்துச் சென்று, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். துபாயில் 1988-இல் புல் வளர்த்துத் திடல் அமைத்தார்கள். அங்கே 2001-ஆம் ஆண்டுப் போட்டியில், டைகர் வூட்ஸே கடைசிக் குழியில் பந்தைத் தண்ணீரில் விட்டுத் தாமஸ் பியோர்னிடம் தோற்றார். பதினேழு குழிகள் நன்றாக ஆடினாலும் பதினெட்டாவதும் ஒரு குழிதான்.

ஆட்டம் முடிந்தது. மரத்தடியில் உட்கார்ந்தோம். நம்மிடம் ஒரு நல்ல கேள்வி தயாராக இருந்தது. "தம்பி, உன் பந்து இப்போது எங்கே கிடக்கிறது?" என்று கேட்டோம். புரிந்துகொண்டான். தலையைக் குனிந்தான். ஆனால் அவன் சொன்ன பதில் நம் வாயை அடைத்துவிட்டது.

"மணல்லதான் சார் கிடக்கு. அப்பாவுக்குக் கையில செம்பனை முள் குத்திச் சீழ் வச்சு ரெண்டு மாசமா வேலை இல்ல. தம்பி தங்கச்சி இருக்காங்க. பரீட்சை எழுதினா அரிசி யாரு வாங்குறது?"

நாம் அறிவுரை கூறப் போனோமே தவிர, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கவில்லை. தாயும் மானம் கருதிச் சொல்லவில்லை. ஆசிரியராகிய நமது பிழை அது.

மறுநாளே தோட்டத்திற்குச் சென்று தந்தையின் மருத்துவச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். வேலை நேரத்தில் பட்ட காயம். மருத்துவர் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். சொக்சோ பாரம் மட்டும் நிரப்பப்படாமலே கிடந்தது. நேயர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். சொக்சோவில் சந்தா செலுத்தும் தொழிலாளி வேலையில் காயமடைந்து, மருத்துவர் நான்கு நாட்களுக்குக் குறையாமல் விடுப்புக் கொடுத்தால், தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை கோரலாம். அது நாட்கூலியின் கணக்கில் எண்பது விழுக்காடு. முள் குத்தியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். விபத்து நடந்த நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். மருத்துவச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

பாரத்தை அனுப்பினோம். பணம் வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை மாமா அரிசிக்குப் பொறுப்பேற்றார். பையன் திங்கள் முதல் வெள்ளிவரை பள்ளி, ஞாயிறு மட்டும் திடல் என்று உடன்பாடு ஆயிற்று. அவன் பாஷையில் சொன்னால், கொடியை நோக்கி அடிக்காமல் பக்கத்துக் கரையில் ஏறினான்.

எஸ்.பி.எம். தேர்வில் அவன் ஊர் மெச்சத் தேறிவிடவில்லை. கணிதத்தில் நல்ல தேர்ச்சி, மற்றவை நடுத்தரம். இப்போது புல்வெளிப் பராமரிப்பும் நீர்ப்பாசனமும் கற்கும் திறன் பயிற்சியில் இருக்கிறான். ஞாயிறுதோறும் திடலுக்கும் போகிறான். சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி விசாரித்துத் தானே பதிந்துகொள்ளும்படி சொல்லியிருக்கிறோம். பை தூக்குபவன் தலையிலும் பந்து விழலாம் அல்லவா?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளியை விட்டு எங்கோ சுற்றுகிறான் என்றால், முதலில் அவன் எந்த மணலில் சிக்கியிருக்கிறான் என்று பாருங்கள். கையில் என்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான் என்றும் பாருங்கள். வகுப்பில் வராத கணக்கு வேறெங்காவது வந்திருக்கக் கூடும். வீட்டுச் சிரமத்தை ஆசிரியரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். கேட்க மறந்த ஆசிரியர்களும் இருக்கிறோம்.

அந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு நாள் இரவல் வாங்கி, நம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கழித்தல் கணக்கு நடத்தினோம். 270 கழித்தல் 230. ஒரு மாணவி கை தூக்கி, "சார், தண்ணியில விழுந்துடும்" என்றாள்.