சிறு மருந்தகமும் பெரும் பொறுப்பும்

(ஜொகூர் மாநிலத் தோட்டத் தலைவர்கள், மாதர் பிரிவினர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோட்டத்து மருந்தகத்தைப் பற்றிப் பேசும்போது, "மருந்து இருக்கிறதா? டிரெஸ்ஸர் இருக்கிறாரா?" என்று கேட்பது நம் வழக்கம். அவை தேவையான கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன்னே நிற்பவை வேறு இரண்டு உண்டு. அம்மருந்தகத்திற்குப் பணம் தருபவர் யார்? அப்பணம் முறையாகச் செலவாயிற்றா என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? இவ்விரண்டுக்கும் தெளிவான விடையில்லாத இடத்தில் மருந்து அலமாரி வெறுமையாகிப் போவதில் வியப்பில்லை.

இக்கேள்விகளுக்கு வயது நூறு ஆகிறது. 1924ஆம் ஆண்டில், அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டச் சுகாதாரத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்தது. பெருந்தோட்டங்கள் சில சொந்தமாக மருத்துவமனை நடத்தின; சிறு தோட்டங்களுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகவே தோட்டங்களிடம் வரி தண்டி, பல தோட்டங்களுக்குப் பொதுவான மருத்துவ ஏற்பாட்டைச் செய்து, அதனை ஒரு சுகாதார வாரியத்தின் மேற்பார்வையில் வைக்க வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. 1926இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. ஆனால் தோட்ட முதலாளிகள் பலர் வரியையும் விரும்பவில்லை; வெளியார் மேற்பார்வையையும் விரும்பவில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜொகூர் அக்கூட்டரசில் சேராத மாநிலமாதலால் வாரியத்தின் ஆட்சி இங்கு எட்டவில்லை. எனினும் பாடம் நமக்கும் உரியது. ரப்பர் விலையை நம்பி நிற்கும் மருத்துவம், விலை விழும் நாளில் தானும் விழும். நோயோ விலைப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

1950களில் கிராமச் சுகாதாரத் திட்டம் நாட்டில் தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி மருந்தகம் என்பது அதன் அமைப்பு. 1970களில் அது 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம், 4,000 பேருக்கு ஒரு கிராம மருந்தகம் என மாற்றியமைக்கப்பட்டது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரின் மருத்துவம் முதலாளியின் கடமை என்று சட்டம் கருதியது. கம்பத்திற்குச் சென்ற தாதி, பல இடங்களில் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டதற்கு இதுவே காரணம்.

அக்கடமை இன்றும் உண்டு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பு, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றில் முதலாளிக்குரிய பொறுப்பை வகுத்துள்ளது. அதை மேற்பார்ப்பது தொழிலாளர் இலாகா. மறுபுறம், அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் ஒரு வெள்ளிதான். எஞ்சிய செலவைப் பொதுப்பணம் ஏற்கிறது. அப்பணத்தைத் தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்ந்து நாடாளுமன்றத்திற்கு அறிக்கை தருகிறார். தோட்ட மருந்தகத்தின் செலவோ நிறுவனத்தின் கணக்கேட்டில் அடங்கிவிடுகிறது. அதைப் பார்க்கும் வாய்ப்பு தொழிலாளிக்கு எளிதில் கிட்டுவதில்லை.

இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையில் அகப்படுபவர்கள் யார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியோர். குளுவாங், சிகாமட், கூலாய் போன்ற வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; நிலத்தின் பயன் மாறியது. முன்பு அருகிலிருந்த சிறு மருந்தகம் மூடப்பட்டால், சர்க்கரை நோயுள்ள மூதாட்டி நகரத்து மருந்தகத்திற்குச் செல்ல வாடகைக் கார் பிடிக்க வேண்டும். ஒரு வெள்ளி மருத்துவத்திற்குப் போக்குவரத்துச் செலவு அதைப்போல் பன்மடங்கு! பணம் ஒதுக்குவோர் இந்தப் பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

2023 ஜூன் மாதத்தில் மக்களவை சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பொதுச் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காடு வரை படிப்படியாக உயர்த்துவதும், ஆரம்ப மருத்துவத்தை வலுப்படுத்துவதும் அதன் நோக்கங்களுள் அடங்கும். உதவி பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தோர்க்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இலவசப் பரிசோதனை அளிக்கிறது. தகுதியுள்ளோர் இதைத் தவறவிடலாகாது.

ஆனால் பணம் கூடினால் மட்டும் போதாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் பெண்களும் இடம்பெறும் ஒரு சிறு சுகாதாரக் குழுவை அமையுங்கள். ஒரு குறிப்பேடு வைத்து, மருந்தகம் திறந்திருந்த நாள்கள், மருத்துவர் வருகை தந்த தேதி, இல்லாதிருந்த மருந்துகள், அவசரத்திற்கு வண்டி கிடைத்ததா என்னும் விவரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நிர்வாகியின் முன்னிலையில் அதைப் படியுங்கள். குறை தீராவிடில், தோட்ட வசதி பற்றியதைத் தொழிற்சங்கத்தின் வழி தொழிலாளர் இலாகாவிற்கும், அரசாங்க மருந்தகம் பற்றியதை மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதியிட்ட ஒரு பக்கக் குறிப்பு, நூறு பேரின் முணுமுணுப்பைவிட வலிமை உடையது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மருந்து இல்லையென்றால் டிரெஸ்ஸரையும் தாதியையும் கடிந்துகொள்வது எளிது. அவர்கள் கையில் பணப்பை இல்லை. பணப்பை யாரிடம் உள்ளதோ அவரிடமே கேள்வி சென்று சேரவேண்டும். மரியாதையாகக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.