ஒரே தொழிலை நம்பின ஊர்

இன்னைக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்குப் போறோம். அங்கே எல்கார்ட்னு ஒரு கவுண்டி. கவுண்டின்னா ஏறக்குறைய நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மக்கள்தொகை சுமார் 2 லட்சம்தான்.

இந்த ஊரோட தொழில் ஆர்.வி. அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பயண வண்டி. அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.களில் பெரும்பகுதி எல்கார்ட்லயும் அதைச் சுத்தியும்தான் உருவாகுது. பல ஆலைகளில் வண்டிக் கணக்குக்குத்தான் கூலி. விடியும் முன்னாடியே வேலை ஆரம்பிச்சிடும். டிகிரி இல்லாத 18 வயசுப் பையனும் கை நிறைய சம்பாதிக்கலாம். அப்புறம் காலேஜ் எதுக்குன்னு தோணுறது இயல்புதானே?

சிக்கல் எங்கேன்னா, ஆர்.வி. யாருக்கும் அத்தியாவசியம் இல்ல. வட்டி ஏறினாலும் பெட்ரோல் விலை ஏறினாலும் மக்கள் முதல்ல தள்ளிப்போடுறது இதைத்தான். 2009 பிப்ரவரியில் ஒபாமா அங்கே போனப்போ வேலையின்மை 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2016-ல் அவர் திரும்பப் போனப்போ சுமார் 4 சதவீதம். 2020 ஏப்ரலில், கொரோனாவில் ஆலைகளை மூடினதும், 30 சதவீதத்தை ஒட்டிப் போச்சு. அடுத்த வருஷமே நிலைமை தலைகீழ். விமானம் ஏறப் பயந்தவங்க ஆர்.வி. வாங்கினாங்க, 2021-ல் நாடு முழுக்க 6 லட்சம் வண்டி போச்சு. 2023-ல் அது சுமார் 3.13 லட்சம். கிட்டத்தட்ட பாதி!

அப்போ 2023-ல் வேலையின்மை எகிறியிருக்கணுமே? 2009 மாதிரி எகிறல. காரணம், ஆர்டர் குறைஞ்சா ஆலைகள் உடனே ஆளை அனுப்புறதில்ல. வேலை நாளைக் குறைக்கும். அமெரிக்கக் கணக்குப்படி வாரத்துல 1 மணி நேரம் கூலிக்கு வேலை செஞ்சாலே அவருக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். இந்தியாவின் வாராந்திரக் கணக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆக, சம்பளம் பாதியானாலும் புள்ளிவிவரத்தில் அது தெரியாது.

அதனால ஒரு ஊருக்கு வேலைக்குப் போகும்போது, வேலையின்மை எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க. ஆர்டர் குறைஞ்சா வாரத்துல எத்தனை நாள் வேலை கிடைக்கும்? இந்தத் தொழில் படுத்தா அதே ஊர்ல வேற வேலை இருக்கா? இந்த ரெண்டையும் கேளுங்க. கை நிறைய சம்பளம் வரும்போதே இன்னொரு வேலையும் கத்து வச்சுக்கங்க. ஆலை மூடின பிறகு கத்துக்க நேரம் இருக்கும், ஆனா கையில காசு இருக்காது.