முழங்கையை உருவாதீங்க

பூண்டுக்குக் களைவெட்டி, துணி பிழிஞ்சு, முழங்கை வெளிப்பக்கம் நோகுதுன்னு சொல்லாதவங்க பூம்பாறையில உண்டா? மணிக்கட்டை நிமிர்த்துற தசைநார் அங்கதான் எலும்புல ஒட்டியிருக்கு. ஓயாத வேலையில நைஞ்சுபோகுது. பேரு டென்னிஸ் எல்போவாம்! நாம மட்டையைக் கண்டோமா? ஓய்வு கொடுத்தா பெரும்பாலும் ஆறிடும்.

சரிவுல வழுக்கிக் கையூன்றி விழுந்தா கதை வேற. மேல்கை எலும்பு ஒண்ணு, முன்கை எலும்பு ரெண்டு சேருற மூட்டு அது. என் ஓரகத்தி மகனுக்கு வீங்கின முழங்கையை எண்ணெய் போட்டு உருவினாங்க. தசைக்குள்ள எலும்பு முளைச்சு, இன்னைக்கும் வலது கையால சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியல. பத்தை வச்சு இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டமே நின்னுடலாம். வீங்கினா அசைக்காம, துண்டால தொட்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. விரல் சில்லிட்டாலோ மரத்தாலோ காலைப் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.