படிக்கும்போதே ஆய்வு வேலை

ஒரு பேராசிரியர் நடத்தும் ஆய்வில், பட்டப்படிப்பு படிக்கும் மாணவர் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்து கூலி பெறுவதே பகுதிநேர ஆய்வு உதவியாளர் பணி. முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவியாளர் பதவி வேறு. அதில் மாதச் சம்பளம் உண்டு. பெரும்பாலும் கல்விக் கட்டணமும் தள்ளுபடியாகும். பட்டப்படிப்பு மாணவருக்கு வேலை பார்த்த மணிகளுக்கு மட்டுமே கூலி. வாரத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்பது பரவலான அளவு. வகுப்பில்லாத பிற்பகல்களிலும் மாலைகளிலும் அதை முடித்துக்கொள்வார்கள். இன்று பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது. அது வேர்பிடித்து வளர்ந்தது அமெரிக்காவில்.

1957ஆம் ஆண்டு, போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லேண்ட், எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். லேண்ட், ஹார்வர்டில் சேர்ந்து பட்டம் முடிக்காமலே வெளியேறியவர். கண்கூச்சத்தைத் தடுக்கும் போலராய்டு தகட்டைக் கண்டுபிடித்தவர். புதிதாகச் சேரும் மாணவர் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார். பாடம், தேர்வு, மதிப்பெண் என்று வரிசையில் நிற்கவைத்துப் பல்கலைக்கழகமே அந்த ஆசையை அணைத்துவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. முதல் ஆண்டிலேயே மாணவருக்கென்று ஓர் ஆய்வு வேண்டும், கூட இருந்து வழிகாட்ட ஒரு மூத்தவர் வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல், அந்தக் கருத்தைத் திட்டமாக்கியவர் மார்கரெட் மெக்விகர். அதே கழகத்தில் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற இயற்பியலாளர் அவர். லேண்டின் நிதியுதவியுடன் அவர் தொடங்கிய திட்டம் யூராப் என்ற சுருக்கப்பெயரில் அறியப்படுகிறது. எந்த ஆண்டு மாணவரும் எந்தத் துறைப் பேராசிரியரையும் அணுகலாம். இருவரும் சேர்ந்து ஒரு வேலைத்திட்டம் எழுதித் தர வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் வேலை தொடங்கும். இன்று எம்.ஐ.டி.யில் பட்டம் பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஒருமுறையாவது இத்திட்டத்தில் பங்கெடுத்தவர்கள். மெக்விகர் பின்னர் அக்கழகத்தில் பட்டப்படிப்புக் கல்விக்கான முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். 1991இல், ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில் காலமானார்.

யூராப் மற்ற இடங்களுக்கும் பரவியது. கால்டெக் எனப்படும் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகம் 1979இல் கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் நாடு தழுவிய திட்டத்தைக் கொண்டுவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980களின் இறுதியில் தோன்றிய திட்டத்தின் நோக்கம் சற்று வேறானது. சிறுபான்மை இன மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுப் போவதைத் தடுப்பதற்காக அது உருவானது. முதல் இரண்டு ஆண்டு மாணவர்களைப் பேராசிரியர்களோடு இணைத்து வேலை கொடுத்தார்கள். படிப்பில் நிலைத்திருப்போர் எண்ணிக்கை அதனால் கூடியதாகவும், கறுப்பின மாணவர்களிடம் அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்ததாகவும் 1998இல் வெளியான மதிப்பீடு காட்டியது. ஆய்வு வேலை முதல் மதிப்பெண் மாணவருக்கு மட்டும் உரிய பரிசு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. தடுமாறும் மாணவருக்குத்தான் அது கூடுதலாக உதவுகிறது.

இனி, வேலை எப்படி இருக்கும் என்பது. உயிரியல் ஆய்வகத்தில் சேரும் மாணவர் முதலில் கற்பது பிப்பெட்டைப் பிடிக்கவும், கண்ணாடிக் கலங்களைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யவும், ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றன்று தேதியிட்டு எழுதவும்தான். பழ ஈக்களை வளர்க்கும் ஆய்வகமானால் அவற்றைப் பழைய குப்பியிலிருந்து புதிய குப்பிக்கு மாற்றுவது முறையாக நடந்தாக வேண்டும். ஈக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. உளவியல் துறையில் சோதனைக்கு வருபவர்களை வரவேற்பது, ஒப்புதல் படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குவது, வீடியோப் பதிவைப் பார்த்துக் குழந்தை எத்தனை முறை திரும்பிப் பார்த்தது என்று எண்ணுவது போன்றவை வேலை. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் குழந்தை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை எண்ணுகிற மாணவரிடம் சொல்ல மாட்டார்கள். தெரிந்துவிட்டால், எதிர்பார்ப்பு எண்ணிக்கையைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஒரே பதிவை இரண்டு மாணவர்கள் தனித்தனியே எண்ணி, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்துக் கடந்துபோகும் ஆய்வு முறையியல், இங்கே கைப்பழக்கமாகிறது.

வரலாற்றுத் துறையில் வேலை முழுக்க ஆவணங்களோடுதான். பழைய செய்தித்தாள்களின் மைக்ரோபிலிமைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, கப்பல் பயணிகளின் பட்டியலையோ மக்கள்தொகைக் கணக்கேட்டையோ அட்டவணையாக்குவது. மொழியியலில் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்க அந்தந்த மொழி பேசும் மாணவர்களே தேவைப்படுகிறார்கள். பொருளியலில் தரவுகளைச் சுத்தம் செய்வதிலேயே மாதங்கள் போகும். ஊர்ப் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். வயதுக் கட்டத்தில் பிறந்த ஆண்டு இருக்கும். இவற்றை ஒழுங்குபடுத்தாமல் எந்தக் கணக்கும் நம்பத்தக்கதல்ல. அலுப்பூட்டும் வேலை என்பது உண்மை. ஆனால், அச்சில் வரும் ஓர் எண் எத்தனை கைகள் பட்டு, எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டு அங்கே வந்து சேர்கிறது என்பதை வகுப்பறை காட்டுவதில்லை. இந்த அலுப்பு காட்டுகிறது.

மாணவருக்கு அன்றாடம் கற்றுத்தருபவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர், அந்தக் குழுவில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர். பேராசிரியரை வாரம் ஒருமுறை நடக்கும் ஆய்வகக் கூட்டத்தில் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில்தான் சோதனை ஏன் தோற்றது என்று பெரியவர்களே வெளிப்படையாகப் பேசுவதை இருபது வயது மாணவர் முதன்முறையாகக் கேட்கிறார். பொறுமையாகக் கற்றுத்தரும் முனைவர் பட்ட மாணவர் வாய்த்தால் ஓராண்டில் நிறையத் தேறலாம். கற்றுத்தர நேரமில்லாத குழுவில் சேர்ந்தால் கலம் கழுவியே ஓராண்டு கழியும்.

கூலிக்குப் பல வழிகளில் பணம் வருகிறது. பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து தரலாம். பல்கலைக்கழகமே தனி நிதியிலிருந்து தரலாம். அல்லது கூட்டரசின் வேலையுடன் படிப்புத் திட்டத்திலிருந்து வரலாம். அந்தக் கடைசித் திட்டம் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில், 1964ஆம் ஆண்டு வறுமை ஒழிப்புச் சட்டத்தின் பகுதியாக வந்தது. வசதி குறைந்த மாணவரின் கூலியில் பொதுவாக 75 சதவீதம் வரை அரசு ஏற்கும். மீதியை வேலை கொடுப்பவர் தருவார். கூலி பெரிய தொகையல்ல. எம்.ஐ.டி. இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2023 முதல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 15 டாலர் என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

கூலிக்குப் பதிலாகப் பாட மதிப்பு, அதாவது கிரெடிட், எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. எம்.ஐ.டி.யில் ஒரே வேலைக்குக் கூலியும் கிரெடிட்டும் சேர்த்துப் பெற முடியாது. எதுவும் பெறாமல் தன்னார்வமாக வேலை செய்வோரும் இருக்கிறார்கள். இந்த முறையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. பெற்றோர் பணம் அனுப்பும் மாணவர் சம்பளமில்லாமல் ஓராண்டு ஆய்வகத்தில் பழகிவிட்டு, அந்த அனுபவத்தைக் காட்டி அடுத்த வாய்ப்பைப் பெறுகிறார். வாடகைக்காக உணவகத்தில் நிற்க வேண்டிய மாணவர், திறமை இருந்தும் ஆய்வகத்தின் வாசலை மிதிப்பதில்லை. சம்பளமில்லாத ஆய்வு வேலை, வசதியுள்ளவர்களுக்கான ஒதுக்கீடாகவே முடிகிறது. அதைத் தொண்டு என்று பெயரிட்டு ஏற்பது நியாயமல்ல.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அமெரிக்காவுக்குப் பட்டப்படிப்புக்குப் போகும் மாணவர்கள் இன்னும் சில விதிகளை அறிந்திருக்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். கூட்டரசின் வேலையுடன் படிப்புத் திட்டம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைக்காலத் திட்டமும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்குமே உரியது. ஆகவே அவர்களுக்குப் பேராசிரியரின் மானியமும் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியுமே வழி.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 2008ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில், லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் வேதிப்பொருள் சிந்தி, அப்போதுதான் பட்டம் முடித்து உதவியாளராகச் சேர்ந்திருந்த 23 வயதுப் பெண் தீக்காயமடைந்தார். சில வாரங்களில் இறந்தார். ஆய்வக மேலங்கி அவர் அணிந்திருக்கவில்லை. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் பட்டறையில், இறுதியாண்டு மாணவி ஒருவர் இரவில் லேத் இயந்திரத்தில் தனியாக வேலை செய்தபோது தலைமுடி சிக்கி உயிரிழந்தார். அதன்பின் யேல், பட்டறைகளை மாணவர்கள் பயன்படுத்தும் நேரத்தையும் மேற்பார்வையையும் கடுமையாக்கியது. பயிற்சி முடிக்காமல் எந்தக் கருவியையும் தொடுவதில்லை, தனியாக இரவில் வேலை செய்வதில்லை என்ற இரண்டு விதிகளையும் யார் அவசரப்படுத்தினாலும் மாணவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அறநெறிப் பயிற்சியும் கட்டாயம். அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயைக் குணப்படுத்தாமலே 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டிருந்த கொடுமை வெளியானதும், 1974இல் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த குழுக்களே இன்று ஆய்வுகளுக்கு ஒப்புதல் தருகின்றன. நேர்காணலைத் தட்டச்சு செய்யும் மாணவருக்கும் அந்த விதிகள் பொருந்தும். பேசியவரின் பெயரைத் தோழர்களிடம் சொல்வதுகூட மீறல்.

வேலையின் பலனாக மாணவர் எதிர்பார்ப்பது பரிந்துரைக் கடிதம். சில வேளை ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வரும். கட்டுரையின் சிந்தனையிலும் எழுத்திலும் பங்கு இருந்தால் ஆசிரியர் வரிசையில் இடம், உதவி மட்டும் என்றால் நன்றியுரையில் இடம் என்பது பொதுவான நெறி. இதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

முதல் ஆய்வகம் சரியாக அமையாவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை என்பதற்கு வில்லியம் கேலின் சான்று. டியூக் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆய்வக வேலையில் அவர் சோபிக்கவில்லை. அவருடைய எதிர்காலம் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது என்ற பொருளில் பேராசிரியர் மதிப்பிட்டு எழுதினார். மருத்துவம் படித்து மறுபடி ஆய்வுக்கு வந்த கேலின், உயிரணுக்கள் ஆக்சிஜன் அளவை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

வேலை தேடும் முறை எளிது. விளம்பரம் வரும்வரை காத்திருப்பதைவிட, பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுவதே பலன் தருகிறது. படித்த பாடங்கள், வாரத்தில் தரக்கூடிய நேரம், அந்த ஆய்வில் எது ஈர்த்தது என்ற மூன்றும் இருந்தால் போதும். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் இருபது பேருக்கும் தெரிந்துவிடும்.

இந்தியாவில் செமஸ்டர் நடக்கும்போதே கூலியுடன் ஆய்வு செய்யும் பட்டப்படிப்பு மாணவர் அரிது. வாய்ப்புகள் கோடை விடுமுறையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. பெங்களூரு, புது டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு நிதியம் பரவலாக அறியப்பட்டது, சென்னை ஐ.ஐ.டி.யும் கோடை நிதியம் வழங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்டப்படிப்புக் கட்டமைப்பில், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவை நல்லவை. ஆனாலும் குறை நிதி ஒதுக்கும் படிவத்திலேயே தொடங்குகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் மானியம் கேட்கும் பேராசிரியர் நிரப்பும் செலவுப் படிவத்தில், பட்டப்படிப்பு மாணவர்களுக்கான கூலிக்கென்று தனி வரி இருக்கிறது. இந்திய ஆய்வுத் திட்டங்களில் திட்ட உதவியாளர் முதல் ஆய்வு நிதியர் வரை ஏறக்குறைய எல்லாப் பணிகளுக்கும் முடித்த பட்டமோ பட்டயமோ கேட்கப்படுகிறது. படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு மணிக்கூலி தர இங்கும் ஒரு வரியைச் சேர்க்க, மானியம் தரும் அமைப்புகள் முன்வர வேண்டும்.