தெரிந்ததைச் சேர்த்து வைப்போம்



குழந்தைகளைக் காப்பதில் ஊரின் பங்கு என்ன என்று பேசச் சொன்னீர்கள். ஒரு வீட்டை உங்கள் கண்முன் வைக்கிறேன். பெயர் வேண்டாம். நம் தருமபுரி வட்டாரத்தில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடு அது.

அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். சாரம் சரிந்து விழுந்து, இப்போது படுத்த படுக்கை. அம்மா கூலி வேலைக்குப் போகிறார். வைத்தியத்துக்கு வாங்கிய கடனுக்கு வாரம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. தம்பிக்குப் பால்வாடி வயது.

தம்பி கொஞ்ச நாளாக வரவில்லை என்பது அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். அக்கா பள்ளிக்கு வராதது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அம்மாவுக்கு ரத்தசோகை என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். தவணை நின்றுபோனது மகளிர் குழுத் தலைவிக்குத் தெரியும். வெளியூர் ஆட்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனது எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பட்டு ரவிக்கை அளவெடுத்தது தையல்கடை அக்காவுக்குத் தெரியும். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு தெரியும். முழுக் கதை யாருக்கும் தெரியாது!

முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு யாரோ ஒரு புண்ணியவான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கிறார். அதிகாரிகள் வருகிறார்கள். கல்யாணம் நிற்கிறது. நல்லது. ஆனால் கடன் நின்றதா? அப்பா எழுந்து நடந்தாரா? ஜீப் திரும்பிப் போன பிறகு அந்தத் தாய் யாரிடம் போய் நிற்பாள்? சில மாதம் கழித்து வேறு ஏதோ ஊர்க் கோயிலில் அதே பெண்ணுக்குத் தாலி ஏறாது என்று நம்மில் யார் உறுதி சொல்ல முடியும்?

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். குழந்தைக்கு ஆபத்து வருவதற்கு வெகுநாள் முன்பே குடும்பம் தள்ளாடத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தள்ளாட்டம் ஊருக்குத் தெரிகிறது. தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதில்லை. நாம் குழந்தைகளைத் தவறவிடுவது அங்கேதான்.

சட்டம் இல்லாத நாடா இது? குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. நடத்தி வைப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம் என்றது. 1996-இல் மும்பையில் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய 1098 இன்று நாடு முழுக்க இரவு பகலாக இயங்குகிறது. காசு கேட்காத எண் அது.

உதவியும் இருக்கிறது. கணவனை இழந்த தாய், நோயாலோ விபத்தாலோ முடங்கிப்போன பெற்றோர், இவர்களின் பிள்ளை குடும்பத்தோடேயே இருந்து படிக்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு இடம் உண்டு. நான் சொன்ன வீட்டுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிது! மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, பள்ளிச் சான்று வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டால் உலை வைக்க முடியாத தாய், இத்தனை படிகளையும் தனியாக ஏறுவாளா? ஆசிரியர் ஒரு சான்று தரட்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒரு கையெழுத்துப் போடட்டும். குழுப் பெண் ஒருத்தி துணைக்குப் பஸ் ஏறட்டும். அந்த வீடு நிமிர்ந்துவிடும்.

இப்படிக் கைகோப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊர் மக்கள் தந்த அரிசியும் காய்கறியும் விறகும் அரசின் கையோடு சேர்ந்துதான் பிள்ளைகளுக்குச் சோறானது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை, நிலம் என்று ஊர் ஊராக மக்கள் அள்ளித் தந்தார்கள். அவ்வளவு ஏன்? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் முதலில் வேர்விட்டது எங்கே? இதே தருமபுரியில்! ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நின்ற பெண்கள், ஒரு பிள்ளைக்காகச் சேர்ந்து நிற்க மாட்டார்களா?

ஊராட்சி தோறும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதார செவிலியர், மகளிர் குழுவினர் எல்லாரும் அதில் உண்டு. எத்தனை ஊரில் அது பதிவேட்டில் வாங்கும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது! மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருங்கள். மூன்று கேள்வி போதும். இந்த மாதம் பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளை யார்? எந்த வீடு புதிதாகக் கஷ்டத்தில் விழுந்திருக்கிறது? அந்த வீட்டுக்கு யார், என்றைக்குப் போகிறோம்?

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஊர் கூடுவதெல்லாம் குழந்தைக்காகக் கூடுவதாகாது. ஒரு சிறுமிக்குக் கொடுமை நடந்தால், ஊர்ப் பெயர் கெடும் என்று பெரியவர்கள் கூடி, இவ்வளவு பணம் வாங்கிக்கொள், வாயை மூடிக்கொள் என்று கட்டப்பஞ்சாயத்து செய்வதும் இதே தமிழ்நாட்டில் நடக்கிறது. அது பாதுகாப்பா? குற்றவாளிக்குப் பிடிக்கும் குடை! அந்த இடத்தில் சமாதானம் பேச எவருக்கும் உரிமை கிடையாது. பிள்ளை சொன்னதை நம்புங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பெயரை ஒருவரிடமும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உடனே 1098-க்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். குழுவில் கேட்டது குழுவோடு நிற்க வேண்டும். திண்ணைப் பேச்சாகிவிட்டால், அடுத்த பிள்ளை வாய் திறக்காது.

நிறைவாக உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். மண்டபம் வைத்திருப்பவர்களே, வயதுச் சான்று பார்க்காமல் தேதி கொடுக்காதீர்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பிகளே, பள்ளி நேரத்தில் பையில்லாமல் ஏறும் பிள்ளையிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசுங்கள். குழுத் தலைவிகளே, தவணை தவறிய வீட்டில் கடனைக் கேட்குமுன் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேளுங்கள். வருகிற கிராம சபையில், நம் ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், மாதத்தில் எந்த நாள் கூடுவார்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராதீர்கள்.

பிள்ளையைக் காக்க வேண்டுமா, பிள்ளையின் வீட்டைத் தாங்குங்கள்.