‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம்

(மாதனூரில் இரவுப் பள்ளி மாணவர்கள் நடத்திய பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தோல் தொழிலாளர் வரலாறு பற்றி நான் ஆய்வு செய்வதால், அதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தோழர்கள் அழைத்தார்கள். தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் இந்த இரவுப் பள்ளியில் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: “அண்ணா, மிலிட்டரில சிப்பாயா போறதுக்கு என்ன செய்யணும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியுது. ஆபீசரா போறதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?” அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், என்.சி.சி.யில் இருக்கிறாள். அவளுடைய அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார்.

அந்தக் கேள்வியில் முழு விஷயமும் இருக்கிறது. நம் மாவட்டங்களுக்கு ராணுவம் புதிதல்ல. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். நம் தெருக்களிலும் சுவரில் சீருடைப் படம் மாட்டிய வீடுகள் உண்டு. ஆள் எடுப்பு எப்போது, எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும், மார்பு எத்தனை சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பதெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரியும். ஆனால் சென்னை பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகளுக்கான பயிற்சி மையம் நடக்கிறது என்பதும், 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள் என்பதும் தெரியாது. ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம். அந்த வாசலை நமக்கு யாரும் காட்டவில்லை.

முதலில் ஒரு ஆட்சேபத்தைப் பேசிவிடுகிறேன். “ராணுவம் அரசின் ஒடுக்குமுறைக் கருவிதானே, அதற்கு நாமே ஆள் பிடித்துக் கொடுப்பதா?” என்று இங்கிருக்கும் தோழர்கள் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2004இல் இம்பால் காங்லா கோட்டை வாசலில் மணிப்பூர் தாய்மார்கள் ஆடை களைந்து நின்ற போராட்டத்தை மறந்துவிட்டு யாரும் ராணுவத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் சிப்பாயாகப் போகும்போது இந்த விவாதம் எழுவதில்லை. வழியனுப்ப மாலை வாங்கிப் போகிறோம். அதிகாரியாகப் போகலாமா என்று கேட்டால் மட்டும் விவாதம் வருகிறது. போவதும் போகாமலிருப்பதும் அவரவர் முடிவு. கதவு எங்கே என்று தெரிந்தவர் போகாமலிருந்தால்தான் அது முடிவு. தெரியாதவர் போகாமலிருப்பதை முடிவு என்று சொல்ல முடியாது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உடனடிக் காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகை. அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. நெற்றியில் சாதிக்குறி, சமயக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் ஆணை வந்தது. அன்னிய ஆட்சிக்கு எதிரான அந்த எழுச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தோல் பதனிட்டுப் பிழைக்கும் ஊரில் பிறந்தவனுக்கு அந்த வரியைக் கடந்துபோக முடிவதில்லை. அதே தோல் இடுப்பில் வாராகவும் காலில் செருப்பாகவும் இருந்தபோது பிரச்சினை இல்லை. முதல் உலகப் போரின்போது நம் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸுக்காகக் கப்பல் கப்பலாகப் போனது. காலுக்குப் போனவரை சரி. தலையில் ஏறியபோதுதான் சிக்கல்.

தலித்துகளுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய அப்படித்தான். கம்பெனிப் படைகளில் மகர்களும் பறையர்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். சென்னை ராணுவத்தின் சாப்பர், பயனியர் பிரிவுகளில் பாலம் கட்டியதிலும் பாதை வெட்டியதிலும் பறையர்களின் உழைப்பு நிறைய. பாபாசாகேபின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். அந்தக் குடும்பத்துக்கு எழுத்து வந்த வழி அது. பிறகு ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்ற கொள்கை வந்தது. அதை முன்னின்று நடத்திய ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர்தான். தென்னாட்டவர் சண்டைக்கு லாயக்கில்லை என்றார். மகர்களுக்கான ஆள் எடுப்பு நின்றது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார்.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 1917இல் போருக்கு ஆள் தேவைப்பட்டது. மகர் படைப்பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் அம்பேத்கர். 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவானது, 1946இல் கலைக்கப்பட்டது. போர் வந்தால் கதவு திறக்கும், முடிந்தால் மூடும். திறந்ததும் சிப்பாய்க்கான கதவுதான்.

அதிகாரிக்கான கதவு வேறு விதமாகத் திறந்தது. முதல் உலகப் போரின் முடிவில் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட்டில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்து இடம் கொடுத்தார்கள். டேராடூனில் ராணுவ அகாடமி 1932இல் வந்தது. அந்தத் தலைமுறையில் அதிகாரியானவர்கள் யார்? 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த தமிழர் பி.பி. குமாரமங்கலம். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஜமீன்தார் சுப்பராயனின் மகன். ஈட்டனில் படித்தவர். இன்னொரு தமிழரான கே. சுந்தர்ஜி 1986இல் தலைமைத் தளபதி ஆனார். அவர் பிராமணர். எந்த ரெஜிமென்ட்டிலிருந்து வந்தார் தெரியுமா? மகர் ரெஜிமென்ட். அதிகாரி எந்தச் சாதியிலிருந்தும் எந்த ரெஜிமென்ட்டுக்கும் போகலாம் என்பது விதி. அந்த விதியில் தவறில்லை. மகர் ரெஜிமென்ட் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியைத் தந்தது. மகர் வீட்டுப் பிள்ளை தலைமைத் தளபதி ஆகவில்லை.

பாபாசாகேபும் சில நாட்கள் ராணுவ அதிகாரியாக இருந்தவர்தான். 1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானப் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். தந்தையின் மரணத்தால் திரும்பினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் மறுபடி பரோடா போனபோது மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. அலுவலகப் பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூர இருந்து வீசினார்கள். குடியிருக்க அவருக்கு வீடு கிடைக்கவில்லை. பதவி மட்டும் கிடைத்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர் “பதவியே வேண்டாம்” என்ற முடிவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்றைய நிலைமை என்ன? ராணுவ அதிகாரித் தேர்வில் இட ஒதுக்கீடு இல்லை. சி.டி.எஸ். தேர்வை ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அதே யு.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.ஏ.எஸ். தேர்வில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடும் ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. சி.டி.எஸ்.ஸில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் விலக்கு. 200 ரூபாய். அதோடு சரி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். “ராணுவத்தில் சாதி பார்ப்பதில்லை, திறமைதான்” என்பார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவிலிருந்து மட்டும் ஆள் எடுக்கும் வழக்கம் நீதிமன்றம் வரை போனது நமக்குத் தெரியும். அதை விடுங்கள். அந்தத் திறமையை எப்படி அளக்கிறார்கள் என்று நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 23 வயது. எழுத்துத் தேர்வில் தேறி, எஸ்.எஸ்.பி. எனப்படும் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். மார்பில் ஒரு எண். அதுதான் நம் பெயர். முதல் நாளே பாதிக்கு மேல் வெளியே அனுப்பினார்கள். நான் தங்கினேன். ஒரு சொல்லைக் காட்டுவார்கள், 15 நொடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். மைதானத்தில் குழுவாகப் பலகையும் கயிறும் வைத்துத் தடையைத் தாண்ட வேண்டும். அதில் நான் நன்றாகவே செய்தேன். ஈரத் தோல் கட்டைத் தூக்கிப் பழகிய கை.

ஆனால் முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெற்றோரின் படிப்பு, தொழில், வருமானம் எழுத வேண்டும். என் நைனா டேனரியில் சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் வேலை செய்தவர். ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? “லெதர் பிசினஸ்.”

நேர்காணலில் இருந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. “ஓ, லெதர் பிசினஸா? என்ன வகைத் தோல்? எந்த நாட்டுக்கு ஏற்றுமதி? ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு?” என்று ஆர்வமாகக் கேட்டார். குரோம் ஏற்றினால் தோல் ஏன் நீல நிறமாகிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விற்றுமுதல் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சொன்னேன். மூன்றாவது பொய்யில் அவர் பேனாவை மூடினார். ஐந்தாம் நாள் படித்த எண்களில் என் எண் இல்லை.

இது ஒன்றினால்தான் நான் தேறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தபோது தோல்வியைவிட அந்த இரண்டு சொற்கள்தான் உறுத்தின. நைனா “என்ன கேட்டாங்கடா?” என்றார். “உங்களப் பத்தித்தான் கேட்டாங்க” என்றேன். “நல்லதா சொன்னியா?” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

தோழர்களே, அந்தக் கட்டத்தில் பொய் எழுத எனக்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா வேலையைச் சொன்னதும் பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்த அன்றே அதைக் கற்றுக்கொண்டேன். எஸ்.எஸ்.பி.யில் பார்ப்பது தன்னம்பிக்கை, தெளிவாகப் பேசுவது, நால்வர் நடுவில் முன்னால் வந்து நிற்பது. இவை திறமைகள்தான். ஆனால் கன்டோன்மென்ட் பள்ளியில் படித்த, அப்பாவே கர்னலாக இருக்கும் பிள்ளைக்கு இவை சோற்றோடு சேர்ந்து வருகின்றன. நம் பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றதற்காக அடி விழுந்திருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ‘சாதி பார்க்கவில்லை’ என்கிறார்கள். பார்க்காமல் இருப்பதால் அது அங்கே இல்லாமல் போய்விடுவதில்லை.

அதனால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று கோரிக்கை. உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. சைனிக் பள்ளிகளில் பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இட ஒதுக்கீட்டையும் தாய்மொழியையும் தர முடிகிறவர்களுக்கு, இருபது வயதில் தர என்ன தடை? வினாத்தாள் தமிழில் வேண்டும், இட ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

இன்னொன்று, அந்தக் கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்காமல் செய்ய வேண்டியது. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் என்.டி.ஏ. எழுதலாம். 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் தேறி வெளியே வந்தார்கள். பட்டதாரிகள் சி.டி.எஸ். எழுதலாம். பரங்கிமலைக்கு என்றால் கணக்குத் தாள்கூடக் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும்தான். என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் வழியும் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள். நான்காண்டில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் அக்னிபத்துக்குப் பயிற்சி எடுக்க அதிகாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடுகிற தம்பிகள், அதே ஓட்டத்தோடு இந்தப் படிவங்களையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தங்கை வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இங்கே விண்ணப்பத்தைப் பற்றிப் பேச வருகிறாள். இன்னும் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேசும் பயிற்சியை அன்றே தொடங்குகிறோம். முதல் தலைப்பு ‘என் வீட்டில் செய்யும் வேலை’. என் நைனா இப்போது இருமலோடு வீட்டில்தான் இருக்கிறார். அவரையும் கூட்டி வருகிறேன். தோல் எப்படிப் பதமாகிறது என்று அவர் தமிழில் சொல்வார். நாம் அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவோம். மதிப்பெண் பட்டியல் நகலும் ஒரு நோட்டும் எடுத்து வாருங்கள்.