இறாத்தலுக்கு ஒரு சதம்

(ஸ்கார்பரோவில் எங்கள் கூட்டின் சந்திப்பில் பேசியது. பேச்சில் வந்த தமிழைப் பெரிதாகத் திருத்தாமல் தருகிறேன்.)



நியாயமான உணவு எண்டு கதைக்கத் தொடங்கினா எங்கட கூட்டங்களில வழமையா ரெண்டு கதை வரும். ஒண்டு, ஓர்கானிக் வாங்குங்கோ, விவசாயியிட்ட நேரடியா வாங்குங்கோ எண்டது. மற்றது, முதலாளித்துவம் ஒழியுமட்டும் ஒண்டும் செய்ய ஏலாது எண்டது. முதலாவது கதை காசிருக்கிற ஆக்களுக்கு. ரெண்டாவது, சனிக்கிழமை காலமை எழும்ப விருப்பமில்லாத ஆக்களுக்கு. நான் இண்டைக்குத் தக்காளி ஆயிற சனம் அமெரிக்காவின்ர பெரிய சாப்பாட்டுக் கொம்பனிகளை எப்படிக் கையெழுத்துப் போட வைச்சவை எண்டு சொல்லப் போறன்.

புளோரிடாவின் தென்மேற்கில் இம்மோகலி எண்டு ஒரு ஊர். அங்க தக்காளி ஆயிறவையில கனபேர் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹெயிட்டியிலயிருந்து வந்தவை. சம்பளம் வாளிக் கணக்கு. ஒரு வாளி 32 இறாத்தல். 2000ஆம் ஆண்டளவில் ஒரு வாளிக்கு 40, 50 சதம்தான். அந்தத் தொகை 1980இலயிருந்து பெரிசா அசையேல்லை. 50 சதம் எண்டே வைப்பம். 125 வாளி ஆய்ஞ்சு, தோளில தூக்கிக்கொண்டு ஓடி, லொறிக்கு மேல எறிஞ்சா 62 டொலர் 50 சதம். 125 வாளி எண்டா 4000 இறாத்தல். ஒரு ஆள், ஒரு நாள்.

சங்கம் வைச்சுப் பேரம் பேசலாமே எண்டு கேப்பியள். 1935இல் அமெரிக்கா தொழிலாளருக்குச் சங்க உரிமை குடுத்த சட்டம் தோட்ட வேலை செய்யிறவையையும் வீட்டு வேலை செய்யிறவையையும் வெளிய விட்டிட்டுது. அந்தக் காலத்தில அமெரிக்கத் தெற்கில அந்த ரெண்டு வேலையையும் கூடுதலாச் செய்தது கறுப்பின மக்கள். தற்செயல் எண்டு நான் நம்பேல்லை.

இன்னொரு விசயம். வாளியை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினாக் காணாது. மேல குவிச்சு நிரப்ப வேணும். அந்தக் குவியலுக்குக் காசு இல்லை. குவிக்காட்டி லொறியில நிக்கிற ஆள் வாளியைக் கணக்கில எடுக்கமாட்டார். மலையகத்தில கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தெரிஞ்ச ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூடைக்கு, ஈரத்துக்கு எண்டு கிலோ கழிப்பினம். சொன்ன நிறை வராட்டி அண்டைக்கு அரைப்பேர்தான். 1000 ரூபாச் சம்பளத்துக்கு வருசக்கணக்காப் போராடி, 2021இல் அது வர்த்தமானியில வந்தவுடன பல தோட்டங்களில எடுக்க வேண்டிய கொழுந்தின்ர நிறையைக் கூட்டிச்சினம். ஒரு கையால குடுத்ததைத் தராசு திருப்பி எடுத்தது. இதை மனசில வைச்சிருங்கோ, திரும்ப வருவன்.

இம்மோகலித் தொழிலாளர் கூட்டணி 1993இல் தொடங்கினது. முதல் சில வருசம் அவை நேரா பண்ணைக்காரரோடதான் மோதினவை. வேலைநிறுத்தம் செய்தவை. ஆறு பேர் முப்பது நாள் உண்ணாவிரதம் இருந்தவை. 2000இல் ஒர்லாண்டோ மட்டும் நடந்து போனவை. பண்ணைக்காரர் மேசைக்கு வரேல்லை. அப்பதான் அவை ஒரு கேள்வி கேட்டவை. இந்தத் தக்காளியின்ர விலையை உண்மையில ஆர் தீர்மானிக்கினம்?

பண்ணைக்காரர் இல்லை. ஆயிரக்கணக்கான கடை வைச்சிருக்கிற ஒரு கொம்பனி மொத்தமா வாங்கேக்க, விலையை அவைதான் சொல்லுவினம். பண்ணைக்காரருக்கு டீசல் விலையைக் குறைக்க ஏலாது, பசளை விலையைக் குறைக்க ஏலாது. குறைக்கக்கூடியது கூலி ஒண்டுதான். நான் பண்ணைக்காரருக்காகக் கண்ணீர் விடச் சொல்லேல்லை. ஆனா காசு எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாக்காமல், கண்ணுக்கு முன்னால நிக்கிற ஆளோட மட்டும் சண்டை பிடிச்சா ரெண்டு பேரும் களைச்சுப் போவினம்.

2001இல் டாக்கோ பெல்லைப் புறக்கணிக்கச் சொல்லி அவை அறிவிச்சவை. கேட்டது இறாத்தலுக்கு ஒரு சதம் கூட. அவ்வளவுதான். 32 இறாத்தலுக்கு 32 சதம் எண்டா, 50 சத வாளி 82 சதம் ஆகுது. வாங்கிறவைக்கு ஒரு சதம் தெரியவே தெரியாது. (எல்லாத் தக்காளியும் அந்தக் கொம்பனிகளுக்குப் போறேல்லை, அதால கைக்கு வந்தது இந்தக் கணக்கைவிடக் குறைவு. அதையும் சொல்ல வேணும்.) இதில மாணவர்தான் பெரிய வேலை செய்தவை. தங்கட தங்கட கம்பஸுக்குள்ள இருந்த டாக்கோ பெல் கடையளை மூடப் பண்ணினவை, புதுசாத் திறக்க வந்ததுகளைத் தடுத்தவை. நாலு வருசம் எடுத்தது. 2005 மார்ச்சில அந்தக் கொம்பனி இணங்கினது. 2007இல் மக்டொனால்ட்ஸ், 2008இல் பேர்கர் கிங். கூட்டணியைப் பற்றி இணையத்தில அவதூறு எழுதினவையில ஒராள் பேர்கர் கிங்கின்ர உபதலைவர் எண்டும், எழுதினது மகளின்ர கணக்கிலயிருந்து எண்டும் அந்த வருசம் வெளிய வந்தது. ஒரு சதத்துக்கு இவ்வளவு பாடு! 2014இல் வோல்மார்ட்டும் வந்தது. வெண்டீஸ் வரமாட்டன் எண்டு நிண்டதால 2016இல் அவைக்கு எதிராயும் புறக்கணிப்புத் தொடங்கினது.

எனக்கு அந்தச் சதத்தைவிட முக்கியமாப் படுறது 2011இல் தொடங்கின நியாய உணவுத் திட்டத்தின்ர விதிகள். அதை எழுதினது தொழிலாளர். வாளி விளிம்பு மட்டத்துக்குத்தான், குவிக்கத் தேவையில்லை எண்டு அதில இருக்கு. மலையகத் தராசை நினைச்சுப் பாருங்கோ. சம்பளத்தைக் கூட்டினவை அளவையையும் பூட்டினவை. மற்றது, வயலில நிழல், வேலை நேரத்தைப் பதியிற மணிக்கூடு, 24 மணி நேரமும் முறையிட ஒரு தொலைபேசி இலக்கம். உரிமை என்னெண்டு தொழிலாளரே தொழிலாளருக்குப் படிப்பிக்கினம், அதுவும் சம்பள நேரத்துக்குள்ள. பாலியல் வன்முறை, கட்டாய வேலை நடந்து அதைச் சரிசெய்யாத பண்ணையிட்ட கையெழுத்துப் போட்ட கொம்பனிகள் வாங்க ஏலாது. 2008இல்கூட இம்மோகலியில தொழிலாளரைச் சங்கிலியால கட்டியும், லொறிக்குள்ள வைச்சுப் பூட்டியும் வேலை வாங்கின குடும்பத்துக்கு நீதிமன்றம் தண்டனை குடுத்தது. பழைய காலத்துக் கதை இல்லை, நான் பிறந்த பிறகு நடந்தது.

குறையும் இருக்கு. இது சங்க ஒப்பந்தம் இல்லை. விசா இல்லாத ஆளுக்கு இது விசா குடுக்காது. எண்டாலும் பக்கெற்றில ஒரு பச்சை முத்திரையை ஒட்டிப்போட்டு விலையைக் கூட்டிற ஆக்களைவிட இதை நான் நம்புவன், ஏனெண்டா மீறினா ஆருக்கோ காசு நட்டம் வருது.

இனி எங்கட இடத்துக்கு வருவம். இந்த மாகாணத்தில நாங்கள் வாங்கிற தக்காளியில நிறைய லெமிங்டன் கிறீன்ஹவுஸ்களிலயிருந்து வருது. அங்க வேலை செய்யிறவையில பெரும்பாலானவை மெக்சிக்கோ, ஜமேக்கா, குவாத்தமாலாக்காரர். பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966இல் 264 ஜமேக்காக்காரரோட தொடங்கினது. வருசத்தில எட்டு மாதம் மட்டும் நிக்கலாம். ஒரு முதலாளியோட கட்டின பேர்மிட். அவர் பிடிக்கேல்லை எண்டா வீட்டுக்கு அனுப்பலாம், அடுத்த வருசம் கூப்பிடாமலும் விடலாம். இருபது வருசம் வந்து போனாலும் அந்தத் திட்டத்துக்குள்ளால நிரந்தர வதிவிடத்துக்கு வழி இல்லை. ஒன்ராறியோவில தோட்டத் தொழிலாளருக்கு மேலதிக நேரச் சம்பளம் சட்டத்தில இல்லை. சங்கம் அமைக்கிற சாதாரண சட்டமும் அவைக்குப் பொருந்தாது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. 2020இல் கொரோனாவில மூண்டு மெக்சிக்கோத் தொழிலாளர் இந்த மாகாணத்தில செத்தவை. 2023இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் வந்து பார்த்திட்டு, இந்த மாதிரித் திட்டங்கள் நவீன அடிமைத்தனம் வளர்ற நிலம் எண்டு சொன்னவர்.

எங்கட அப்பா அம்மாவையும் வந்த புதுசில ரெஸ்ரோரன்ற் குசினிகளில கோப்பை கழுவினவைதான். அவைக்கும் மோசமான முதலாளிமார் இருந்தவை. ஆனா அகதியா ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, அவை ஏப்ரனைக் கழட்டி வைச்சிட்டு அடுத்த தெருவில வேற வேலை தேடலாம். அந்த ஒரு உரிமைதான் லெமிங்டனில இல்லை. இதைச் சொன்னா எங்கட ஆக்களுக்கு உடன விளங்கும், நான் சொல்லிப் பாத்திருக்கிறன்.

"கூலி கூடினாச் சாமான் விலை ஏறுமே, பிள்ளை?" எண்டு அன்ரிமார் கேப்பினம். நல்ல கேள்வி. 2001 தொடக்கம் 2015 வரை கனடாவில பாண் விலையைக் கொம்பனிகள் தங்களுக்குள்ள பேசி ஏத்தினவை எண்டு லொப்லோ தானே 2017இல் ஒத்துக்கொண்டது. பிறகு சனத்துக்கு 25 டொலர் கார்ட் குடுத்தவை. அந்தப் பதினாலு வருசத்தில எந்தக் கோதுமை விவசாயியும், எந்தப் பேக்கரித் தொழிலாளியும் பணக்காரர் ஆகேல்லை. விலை ஏறினதுக்குக் காரணம் கூலி எண்டு அடுத்தமுறை ஆரும் சொன்னா, பாணை நினைச்சுப் பாருங்கோ.

எங்கட கடையளைப் பற்றியும் ஒரு சொல். மார்க்கம் ரோட்டில தமிழ்க் கடையளின்ர பின்பக்கம் மூட்டை இறக்கிற, மீன் வெட்டுற ஆக்களுக்கு மணிக்கு என்ன குடுக்கினம் எண்டு கேக்காமல், டாக்கோ பெல்லைப் பற்றிக் கதைக்கிறது லேசு. ஸ்ருடன்ற் விசாவில வந்த பிள்ளையள் கையில காசு வாங்கிக்கொண்டு பேசாமல் நிக்குதுகள். கடைக்காரர் எங்கட நிகழ்வுகளுக்கு அனுசரணை தாறவை எண்டதால நாங்களும் பேசிறேல்லை.

கம்பஸில படிக்கிறவை இந்த மாதத்துக்குள்ள ஒரு விசயத்தைக் கண்டுபிடியுங்கோ. உங்கட சாப்பாட்டு மண்டபத்துக்குத் தக்காளி வாங்கிற கொன்ராக்ட் ஆரிட்ட, எப்ப முடியுது? அது முடியிறதுக்கு ஆறு மாதம் முன்னமே எங்கட கடிதம் போகவேணும், முடிஞ்ச பிறகு போய்ப் பிரயோசனம் இல்லை. லெமிங்டனுக்கு வர விரும்புறவை பின்மேசையில இருக்கிற தாளில பேரை எழுதுங்கோ. ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிஞ்சாலும் பக்கத்தில குறிச்சு விடுங்கோ. கார் ரெண்டுதான் இருக்கு, மூண்டாவது வேணும்.